அடைக்கோழியின் கதை

போன வாரம் வரைக்கும் ஒழுங்காக முட்டையிட்டுக் கொண்டிருந்த கோழி, இன்றைக்குக் கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. "சனியன், அடைக்கு உட்கார்ந்துட்டுது. இனி ரெண்டு மூணு மாசத்துக்கு முட்டை கிடையாது" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். சில வீடுகளில் அதைத் தூக்கித் தண்ணீரில் முக்குவார்கள். சில வீடுகளில் மூக்குத் துளையில் ஓர் இறகைச் செருகி விரட்டி விடுவார்கள்.

அடை என்று சொல்லுங்கள், அவயம் என்று சொல்லுங்கள், பெயர் எதுவானாலும் சரி. அந்தக் கோழியைத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் அதனுடைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பழைய கதைதான். ஆனால் உங்கள் வீட்டுப் புறக்கடை வரைக்கும் வந்து முடிகிற கதை.

உலகத்திலுள்ள வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரிந்த சிவப்புக் காட்டுக்கோழி. தாய்லாந்து நாட்டில் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதனோடு கோழி வாழ்ந்தது என்று 2022-இல் எழுதினார்கள். காட்டை வெட்டி நெல்லும் தினையும் விதைத்த இடத்துக்கு, தானியம் பொறுக்க வந்து ஒட்டிக்கொண்ட பறவை அது. நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிறதே சாம்பல் நிறக் காட்டுக்கோழி, அதனிடமிருந்துதான் வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் வந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இட்டதும் உட்கார்ந்துவிடும். பத்து நாள் முன்னே பின்னே இட்ட முட்டைகள் எப்படி ஒரே நாளில் பொரிக்கின்றன என்று நீங்கள் யோசித்ததுண்டா? கோழி உட்கார்ந்து சூடு கொடுக்கும்வரை முட்டைக்குள் இருக்கும் கரு வளராமல் காத்திருக்கிறது. சூடு பட்ட நாளிலிருந்து 21 நாள் கணக்கு. அத்தனை முட்டைக்கும் அதே கணக்கு.

இந்த இடத்தில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடைக்கு உட்காராத கோழி ஒன்று காட்டில் பிறந்தால் என்ன ஆகும்? அதற்குக் குஞ்சு இராது. அதோடு அதன் வம்சம் முடிந்துபோகும். ஆகவே ஆயிரமாயிரம் ஆண்டுகளாக, உட்கார்ந்த கோழியின் பிள்ளைகள்தான் உலகத்தில் மிஞ்சின. உங்கள் கூடையில் இருப்பதும் அந்த வம்சம்தான்.

இனி ரோமாபுரிக்குப் போவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்பவர் விவசாயத்தைப் பற்றி 12 பாகங்களில் ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் கோழிக்கென்று தனிப் பகுதி உண்டு. அடை வைக்கும் முட்டை ஒற்றைப்படையில் இருக்கவேண்டும் என்கிறார். குளிர்காலத்தில் 15, வசந்தம் முற்றினால் 21 என்று பருவத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கச் சொல்கிறார். அடுத்து அவர் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். அதற்காகக் கூட்டு வைக்கோலுக்கு அடியில் இரும்பு ஆணியும் பூண்டும் போட்டு வைப்பது அந்த நாட்டுக் குடியானவர்கள் வழக்கமாம்!

நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். எதற்குப் பாட்டி என்று கேட்டால், "இடி விழுந்தா முட்டை கூமுட்டையாப் போயிரும்டா" என்பார்கள். ரோமாபுரிப் பாட்டிக்கும் நம் பாட்டிக்கும் ஒரே கவலை. இடியால் முட்டை கெடுவதில்லை என்று இன்று தெரியும். ஆனால் இடி எப்போது இடிக்கிறது? புழுக்கம் மிகுந்த கோடையில். அந்த வெக்கையில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியே கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பாதியில் செத்துவிடும். பழி இடியின் மேல் விழுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழி இல்லாமலே பொரிக்க முடியாதா என்ற ஆசையும் பழைய ஆசைதான். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், எகிப்து நாட்டில் முட்டையைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிப்பதைக் குறிப்பிடுகிறார். சிராகூஸ் என்ற ஊரில் ஒரு குடிகாரன் பாய்க்கு அடியில் முட்டையைப் புதைத்து வைத்து, குஞ்சு வெளியே வரும்வரை குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான் என்ற கதையையும் சொல்கிறார். அவனும் ஒரு அடைக்கோழிதான்!

எகிப்தியர்கள் பிறகு செங்கல் சூளை போல மண் அடுப்பு கட்டினார்கள். நடுவில் ஒரு நீண்ட வழி. இருபுறமும் இரண்டடுக்கு அறைகள். கீழ் அறையில் ஆயிரக்கணக்கில் முட்டை. மேல் அறையில் காய்ந்த சாணமும் வைக்கோலும் கனன்று கொண்டிருக்கும். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். இமைக்குச் சுட்டால் சூடு அதிகம், குளிர்ந்தால் குறைவு. இந்த வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. ஊரார் முட்டையை அந்த அடுப்புக்காரரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று முட்டைக்கு இரண்டு குஞ்சு திருப்பிக் கொடுப்பது அவர் பொறுப்பு. மேலே பொரித்தது அவருக்கு.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி ரெயோமுர் இந்த எகிப்து அடுப்பைப் பற்றி விசாரித்து அறிந்து, தாமும் பலவகையில் முயன்று, 1749-இல் ஒரு நூலே வெளியிட்டார். வெப்பமானியில் ரெயோமுர் அளவு என்று ஒன்று இருந்ததே, அந்த ரெயோமுர்தான். எகிப்தியரின் கண் இமை செய்த வேலையை இனிக் கருவி செய்யும் என்று அவர் வழிகாட்டினார். ஆனாலும் குடியானவன் வீட்டுக்கு ஏற்ற பொறி வர இன்னும் 130 வருஷம் பிடித்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலூமா என்ற ஊரில், 1879-இல், லைமன் பைஸ் என்பவர் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அந்த ஊர் பிறகு உலகத்தின் முட்டைக்கூடை என்றே பெயர் வாங்கியது.

அடுத்த படி இன்னும் வேடிக்கை. பிறந்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். எதற்கு இந்த ஏற்பாடு? முதலில் பொரித்த குஞ்சு, கடைசி முட்டை பொரிக்கும்வரை தாயின் சிறகுக்குள் பசி தாங்கிக் காத்திருப்பதற்காக. தாய் அதுவரை எழுந்திருக்க மாட்டாள் அல்லவா? வியாபாரிகள் இதைக் கண்டுகொண்டார்கள். 1892-இல் ஜோசப் வில்சன் என்பவர் நியூ ஜெர்சியிலிருந்து சிகாகோவுக்கு ஒருநாள் குஞ்சுகளை ரயிலில் அனுப்பினார். 1918-இல் அமெரிக்கத் தபால் இலாகாவே குஞ்சுப் பெட்டியை ஏற்றுக்கொண்டது. தாய்க்காகக் காத்திருக்கக் கொடுத்த பலம், தாயே இல்லாமல் பிரயாணம் செய்ய உதவியாயிற்று.

இப்போதுதான் முக்கியமான திருப்பம். பொரிக்கிற வேலையைப் பெட்டி எடுத்துக்கொண்டதும், அடைக்கு உட்காரும் கோழி வேண்டாதது ஆகிவிட்டது. அது உட்காரும் ஒவ்வொரு நாளும் பண்ணைக்காரருக்கு ஒரு முட்டை நஷ்டம். உட்கார்ந்த கோழியைக் கழித்தார்கள். உட்காராத கோழியின் முட்டையைப் பெட்டியில் வைத்துப் பெருக்கினார்கள். காட்டில் எந்தக் கோழியின் வம்சம் அற்றுப்போயிருக்குமோ, அந்தக் கோழியே உலகம் முழுவதும் பரவிற்று. இத்தாலிய நாட்டுக் கோழியிலிருந்து வந்த வெள்ளை லெகார்ன்தான் அதற்குப் பேர்போனது. வருஷத்துக்கு 300 முட்டை இடும் கோழிகள் இந்த வழியில்தான் உருவாயின. நம் நாட்டுக்கோழி 60, 80 என்று நிற்கும்.

அடை என்பது பிடிவாதமும் அல்ல, நோயும் அல்ல. உடம்பில் புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுவதால் வருவது. தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைப்பதும் இதே புரோலாக்டின்தான். ஆஸ்கார் ரிடில் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கோழிக்கு ஊசியாகப் போட்டு, அடைக்கு உட்காரச் செய்து, 1935-இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், அதாவது 1956 முதல் 1961 வரை, பெங்களூர், பம்பாய், புவனேசுவரம், டெல்லி, சிம்லா ஆகிய ஊர்களில் வட்டாரக் கோழிப் பண்ணைகள் அமைந்தன. சீமைக் கோழிகள் கிராமங்களுக்கும் வந்தன. 1970-களுக்குப் பிறகு நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பேர் வாங்கியது. சாமானிய மக்களுக்கு மலிவாக முட்டை கிடைத்தது இதனால்தான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், என் தகப்பனார் ஒரு வெள்ளைச் சேவல் வாங்கி வந்தார். நாட்டுச்சேவல் தீபாவளிக்குக் குழம்பாயிற்று. அடுத்த வருஷம் பெட்டைகள் கூடுதலாக முட்டை இட்டன. வீட்டில் ஒரே சந்தோஷம். மூன்றாம் வருஷம் அம்மா கவனித்தார்கள். முட்டை இடுகிற கோழி இட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறது. ஒன்றாவது அடைக்கு வரவில்லை. கிழக் கோழிகள் இரண்டும் அதற்குள் போய்விட்டன. கூடை நிறைய முட்டை இருந்தது, பஞ்சாரத்தில் குஞ்சு இல்லை.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய், "மதினி, உங்க செவலைக்கோழி அடைக்கு வந்திருக்காமே. என் முட்டையை அதுல வச்சுக் குடுங்களேன். குஞ்சு பாதிக்குப் பாதி வாரம்" என்றார்கள். 13 முட்டையில் 10 பொரித்தது. ஐந்து அங்கே, ஐந்து இங்கே. நம் முட்டைக்கு நாமே வாரம் கொடுத்தோம். எகிப்து அடுப்புக்காரர் கேட்ட கூலியைவிட அதிகம், பாருங்கள்! அம்மா அதோடு விடவில்லை. அடுத்த ஈட்டில் செவலையின் சொந்த முட்டையில் பிறந்த பெட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில் உட்காரும் கோழிகள் அந்தப் பெட்டையின் வழியில் வந்தவைதான்.

ஆகையால் நான் சொல்வது இதுதான். ஐதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற கோழிகளைத் தாராளமாக வளருங்கள். அவை பெரும்பாலும் அடைக்கு உட்காரா. அதனால் நன்றாக அடை காக்கும் நாட்டுக்கோழி இரண்டையாவது கைவிடாதீர்கள். அவற்றுக்கென்று ஒரு நாட்டுச்சேவலும் இருக்கட்டும். எந்தக் கோழி ஒழுங்காக உட்கார்ந்து, எத்தனை குஞ்சைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்ப வைத்து வளர்த்தது என்று கவனித்து, அதன் பெட்டைக் குஞ்சை விற்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடை வைக்க ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையே நல்லது. கோடையில் ஐந்து நாளுக்குமேல் வேண்டாம். அதுவரை நிழலான இடத்தில், ஈர மணலில் பதித்த சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். கழுவாதீர்கள். ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். மாலை மங்கியபின் உட்கார வையுங்கள். கூடையில் கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும் போட்டால் கோழிப்பேன் தொல்லை குறையும். பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். 7-ஆம் நாள் இரவு டார்ச் விளக்கில் பாருங்கள். சிலந்தி கால் விரித்தாற்போல் இரத்தநாளம் தெரிந்தால் கரு உண்டு. ஒன்றும் தெரியாமல் வெளிறி இருந்தால் எடுத்துவிடலாம். 18-ஆம் நாளுக்குப் பிறகு கையை உள்ளே விடாதீர்கள். மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். பாட்டி வைத்த இரும்புத் துண்டையும் வைக்கலாம், கெடுதல் இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த 85 கோடிக் கோழியினத்தில் 31 கோடிக்கு மேல் உங்களைப் போன்றவர்களின் புறக்கடையில் இருந்தவை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ இடங்களில் வண்டி ஓடவில்லை, குஞ்சு வரவில்லை. அடைக்கோழிக்கு ஊரடங்கு கிடையாது, மின்வெட்டும் கிடையாது. கூடையில் உட்கார்ந்திருப்பது உங்கள் சொந்தப் பொரிப்பகம். அடுத்த தடவை அது கொத்த வந்தால், கையை எடுத்துக்கொண்டு, முட்டையைக் கொண்டுவந்து வையுங்கள்.