அலுமினியத் தாளும் மின்துடிப்பு வரம்பும்: அணுக்கருப் பிளவுத் துண்டுகளை அளந்த முதற்கருவி

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான்களால் தாக்கப்பட்ட யுரேனியத்தில் பேரியம் இருப்பதைக் கண்டனர். அணுக்கருப் பிளவின் கண்டுபிடிப்பாக வரலாற்று நூல்கள் சுட்டுவது இந்த வேதியியல் சான்றையே. ஆனால், பிளவுத் துண்டுகள் கருவியில் நேரடியாகப் பதிவாகும் வாய்ப்பு அதற்கு ஏறத்தாழ நான்காண்டுகள் முன்னரே ரோமில் வந்து, நழுவிப்போயிருந்தது.

என்ரிகோ ஃபெர்மியின் குழுவைச் சேர்ந்த எதோர்தோ அமால்டி, நியூட்ரான் தாக்கிய யுரேனியத்திலிருந்து ஆல்பா துகள்கள் வெளிப்படுகின்றனவா என்று அயனியாக்க அறையைக் கொண்டு தேடினார். யுரேனியம் இயல்பாகவே ஆல்பா துகள்களை உமிழ்வது. அவற்றைத் தடுக்க, 5 முதல் 6 செ.மீ. காற்றுக்கு ஈடான அலுமினியத் தாளால் அதனை மூடினார். விரைந்து சிதையும் அணுக்கருக்கள் உமிழும் ஆல்பா துகள்கள் நெடுந்தொலைவு செல்லும் என்பது அக்காலத்தில் நன்கு நிறுவப்பட்ட விதி. ஆகவே தாளைக் கவனக்குறைவு என்று கொள்வது பொருந்தாது. தேடிய பொருளுக்கு அது சரியான வடிகட்டியே. தேடாத பொருளையும் அது தடுத்துவிட்டது. பிளவுத் துண்டுகள் காற்றில் 2 செ.மீ.க்குச் சற்று மேல்தான் செல்லும். இயல்பான ஆல்பா துகளின் வீச்சும் ஏறத்தாழ அவ்வளவே. தொலைவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது.

பிரிப்பது ஆற்றல். யுரேனிய ஆல்பா துகளுக்கு 4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டிற்குச் சற்று மிகுதி; பிளவில் வெளிப்படும் மொத்த ஆற்றலோ ஏறத்தாழ 200 மில்லியன் என லீசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் கணித்தனர். 1939 ஜனவரியில் கோப்பன்ஹேகனில் ஃபிரிஷ் தாளை விடுத்து, வடிகட்டும் பணியை மின்சுற்றிடம் ஒப்படைத்தார். அயனியாக்க அறையின் உட்புறம் யுரேனியம் பூசப்பட்டிருந்தது. நேர்விகிதப் பெருக்கியுடன் இணைந்த தைரட்ரான், குறைந்தது 5 இலட்சம் அயனி இணைகளை உண்டாக்கும் துடிப்புகளை மட்டுமே எண்ணியது. ஆல்பா துகள் எதுவும் தனித்து இவ்வரம்பை எட்டாது. பெரிலியத்துடன் கலந்த 300 மில்லிகிராம் ரேடியத்தை 1 செ.மீ. தொலைவில் வைத்தபோது நிமிடத்திற்குச் சுமார் 15 துடிப்புகள் பதிவாயின. நியூட்ரான் மூலத்தையோ யுரேனியத்தையோ அகற்றிப் பல மணிநேரம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமையே இச்சோதனையின் வலுவான சான்று எனலாம்.

இவ்வகைப் பெருக்கியும் தைரட்ரான் எண்ணியும் 1930களின் தொடக்கத்திலேயே கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸால் உருவாக்கப்பட்டவை. எனவே தாமதத்திற்குக் கருவியின் போதாமையைக் காரணங்காட்டுவது கடினம். ஃபிரிஷின் முடிவு அச்சேறும் முன்னரே, 1939 ஜனவரி 25 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதே பெருந்துடிப்புகள் காணப்பட்டன. இன்றும் அணு உலைகளின் பிளவு அறைகள், ஆல்பா துடிப்புகளை உயர வரம்பு கொண்டே விலக்குகின்றன.