எங்க தோட்டத்துக் குதிரை எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுசா படிச்சுடுங்க.

நம்ம தோட்டத்து முனீஸ்வரன் கோவில் இடம் மாறப்போகிற செய்தி உங்க எல்லாருக்கும் தெரியும். சாமி சிலைகளை முறைப்படி புது இடத்துக்குக் கொண்டுபோவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிரச்சினை வெளியே நிற்கிற வெள்ளைக் குதிரைதான். சிமெண்டுக் குதிரை, உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கு, தூக்கினால் கால் உடையும். "அது வெறும் அலங்காரம்தானே, விட்டுட்டுப் போகலாம்" என்கிறார்கள் இளைஞர்கள் சிலர். அது அலங்காரம் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வளர்ந்த எங்களுக்கு முதலில் தெரிந்த குதிரை இதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் வயிற்றுக்குக் கீழேதான் கோலி விளையாட்டு. யாரும் முதுகில் ஏறக் கூடாது, ஏறினால் பூசாரி தாத்தா குச்சியோடு வருவார். ராத்திரியில் சாமி இதில் ஏறி எல்லையைச் சுற்றி வருவார் என்று பாட்டிமார் சொல்வார்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போகும் அம்மாமார் இருட்டில் பால்மரக் காட்டுக்குள் நுழையும் முன்னால் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். புலியும் பாம்பும் இருந்த காட்டில் அந்தத் தைரியம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஊர் எல்லையில் அய்யனார் கோவில், அதன் முன்னால் வரிசையாக மண் குதிரைகள். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலில் 33 அடி உயரக் குதிரையே நிற்கிறது. மாசி மகத்தன்று அதற்கு மக்கள் காகிதப்பூ மாலை சாத்துவார்கள்.

இந்தக் குதிரைகளைச் செய்பவர்கள் வேளார்கள். பல ஊர்களில் அவர்களே அய்யனாருக்குப் பூசாரிகளும். திருவிழா முடிவானதும் கோவில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் பிடிமண். அது கைக்கு வந்தபிறகுதான் வேலை தொடங்கும். குதிரையை உறுப்பு உறுப்பாக வனைந்து, சேர்த்து, சூளையில் சுடுவார்கள். உடம்பின் எடையை நாலு கால் மட்டும் தாங்காது என்பதால் பெரிய குதிரைகளுக்கு வயிற்றுக்குக் கீழே ஒரு தூணோ, பூத உருவமோ முட்டுக் கொடுத்திருக்கும். பிறகு ஊரே சுமந்து கோவிலுக்குக் கொண்டுவரும். அதுதான் புரவி எடுப்பு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. புதுசு வந்து நிற்கும், பழசு பக்கத்திலேயே மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

குதிரை தமிழ்நாட்டில் தானாக விளைந்த சொத்து இல்லை. கடல் தாண்டி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு வணிகர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை விற்றதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை சீக்கிரமே செத்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

மாணிக்கவாசகர் கதையும் இதுதானே! குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோவிலுக்குச் செலவழித்தார். இன்றைய ஆவுடையார்கோயில் அது. சிவனே குதிரைச் சேவகனாக வந்து நரியைப் பரியாக்கினார். மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்தத் திருவிளையாடல் இன்றும் நடக்கிறது. குதிரை அவ்வளவு அருமையான பொருளாக இருந்ததால்தான் அரசன் அதற்குக் கருவூலத்தைத் திறந்தான். நம்ம ஏழை ஜனங்களோ மண்ணில் செய்து சாமிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இனி நம்ம பேராக்குக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன்பின் காடு தோட்டமானது, கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. வந்தவர்கள் கையில் சொத்து எதுவும் இல்லை. மாரியம்மன், முனீஸ்வரன், மதுரை வீரன், அய்யனார் மட்டும் கூடவே வந்தார்கள். இங்கே வேளார் சூளை இல்லாத இடத்தில் சிமெண்டு வந்தது. அப்படித்தான் மண் குதிரை சிமெண்டுக் குதிரையானது.

உயிருள்ள குதிரையோடும் நமக்கு உறவு உண்டு. தொடக்க காலத்துத் துரைமார் சிலர் குதிரையில்தான் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். குதிரையைப் பார்த்துக்கொண்ட ஆளுக்குப் பெயர் சைஸ். மோட்டார் கார் வந்தபிறகும் மலாயாவில் டிரைவரைக்கூட 'சைஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் லாயங்களில் நம்மவர்கள் வேலை பார்த்தார்கள். சுல்தான் அப்துல் அசிஸ் பூங்காவை இன்றும் 'போலோ கிரவுண்ட்' என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பெயரிலும் குதிரைதான் நிற்கிறது.

எங்க லயத்திலிருந்து போன ஒரு தாத்தா வாழ்நாள் முழுக்க அந்த லாயத்திலேயே இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளிடம் தமிழில்தான் பேசுவார். ஒரு நாள்கூடப் பந்தயத்தில் காசு கட்டியதில்லை. சம்பளத்தையெல்லாம் ரேஸில் தொலைத்த குடும்பங்களையும் பார்த்தோம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குதிரை மேல் அன்பு வேறு, சூதாட்டம் வேறு. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் லீவு எடுத்து வந்து நம்ம குதிரைக்கு வெள்ளையடித்துக் கண் எழுதியவர் அவர்தான். காதை எப்படி நிமிர்த்தணும், கழுத்து எங்கே வளையணும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது காலம் மாறுகிறது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயம் ஓடியது. 1864-இல் தொடங்கிய பினாங்கு கிளப்பும் பந்தயத்தை நிறுத்திவிட்டது. தோட்டங்களும் அப்படித்தான். துண்டாடலைத் தடுக்க, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. நாங்கள் வாழ்ந்ததற்கு மிச்ச சாட்சி அந்தக் கோவில்தான்.

அதனால் எங்கள் யோசனை இது. உடையப்போகிற சிமெண்டை கிரேனில் தூக்கி அவமானப்படுத்த வேண்டாம். குதிரை நிற்கிற இடத்திலிருந்து பிடிமண் எடுப்போம். அந்த மண்ணைக் கலந்து புது இடத்தில் புதுக் குதிரையை எழுப்புவோம். கடையில் விற்கும் ஃபைபர் பொம்மை வேண்டாம், சிற்பி கையால் செய்யட்டும். பழசை மாலை சாத்தி மரியாதையோடு மண்ணுக்கே கொடுப்போம். இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. வேளார்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

செலவு குறைய கோத்தோங் ரோயோங் முறையில் மண் வேலை, சாயம் பூசும் வேலை எல்லாம் நாமே செய்யலாம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், கண் எழுதும் அன்றைக்காவது அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

ஒரு வேண்டுகோள். குதிரை பக்கத்தில் நின்று எடுத்த பழைய படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கல்யாணப் படமோ, திருவிழாப் படமோ, கறுப்பு வெள்ளையோ, எதுவானாலும் சரி. அந்தத் தாத்தா எழுதிய கண்ணைப் பார்த்துத்தான் சிற்பி புதுக் கண் எழுதணும். அது தெளிவாகத் தெரிகிற படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

ஓம் முனீஸ்வராய நம.