அப்பிள் அறுவடையும் அதன் விழாக்களும்: இங்கிலாந்தின் பழத்தோட்டங்களிற் கூலியும் கொண்டாட்டமும்

ஆண்டுதோறும் ஒக்ரோபர் 21ஆந் திகதியை ஒட்டி இங்கிலாந்தின் பல ஊர்களிலே 'அப்பிள் தினம்' கொண்டாடப்படுகின்றது. அப்பிளின் தோலை அறுபடாது மிக நீளமாகச் சீவுவோருக்குப் பரிசு வழங்கப்படும். நீர்த்தொட்டியில் மிதக்கும் பழத்தைக் கைபடாமற் பல்லினாற் கவ்வும் விளையாட்டு நடைபெறும். சிறுவர் பழத்தைக் குறுக்கே வெட்டி, வர்ணத்திலே தோய்த்து, அதன் நடுவிலுள்ள விண்மீன் வடிவைத் தாளிற் பதிப்பர். வீட்டு வளவில் நிற்கும் பெயரறியா மரத்தின் பழத்தைக் கொண்டுவருவோருக்கு அதன் இனத்தைக் கூறுவதற்கென வல்லுநரும் அமர்ந்திருப்பர். இவற்றைக் காண்போர் இது நெடுங்காலமாகத் தொடர்ந்துவரும் நாட்டார் விழா எனக் கருதுதல் இயல்பே. ஆயினும் இத்தினம் 1990ஆம் ஆண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் அப்பிள் அறுவடை என்பது முதன்மையாக ஒரு வேலையாகும். விளையாட்டும் விருந்தும் அவ்வேலையின் இடைவெளிகளிலே தோன்றியவை. வேலை மறைய, இடைவெளியில் இருந்தவை மட்டும் எஞ்சி விழாவாயின. அவ்வாறாயின், அன்று அறுவடை செய்தோர் அதிலிருந்து பெற்ற பங்கு யாது என்ற வினா எழுகின்றது. விழாவைப் பற்றிய எழுத்துக்கள் பலவும் இவ்வினாவை எழுப்புவதில்லை.

அப்பிளின் தாயகம் இங்கிலாந்தன்று. மத்திய ஆசியாவின் தியன் ஷான் மலைச்சாரல்களில், சிறப்பாக இன்றைய கஸக்ஸ்தானில், காடாக வளரும் அப்பிள் இனமே இன்றைய அப்பிளின் முதன்மையான மூதாதை என்பது நிறுவப்பட்ட உண்மையாகும். வணிகப் பாதைகளினூடாக மேற்கே சென்ற அப்பழத்தின் தேர்ந்த இனங்களை உரோமர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தனர். இம்மரத்தின் இயல்பொன்று அதன் வரலாறு முழுவதையும் நிர்ணயித்துள்ளது. அப்பிளின் விதையை நட்டால் தாய்மரத்தை ஒத்த பழம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய இனமாகும். நல்ல பழம் ஒன்றைப் பேண வேண்டுமாயின் அதன் கிளையை வெட்டி வேறொரு மரத்தடியில் ஒட்டுதல் வேண்டும். ஆகவே, ஒட்டுவாரற்றுப்போகும் இனம் இறுதி மரத்துடன் அழிந்துவிடும்.

நமது வாசகருக்குத் தெரிந்த அப்பிள், கடையில் வாங்கி உண்ணும் இனிப்புப் பழமாகும். ஆனால் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளான ஹெரிபோட்ஷயர், சொமர்செற், டெவன் ஆகியவற்றில் விளைந்தவற்றுட் பெரும்பகுதி வாயில் வைக்கவியலாத துவர்ப்பும் புளிப்புமுடையது. அது சைடர் எனும் மதுவுக்காகவே வளர்க்கப்பட்டது. நோர்மானியர் வருகையின் பின்னர் பரவிய இம்மது, 17ஆம் நூற்றாண்டில் உயர்குடியினரின் கவனத்தைப் பெற்றது. ஹெரிபோட்ஷயரைச் சேர்ந்த ஸ்கூடமோர் பிரபு, றெட்ஸ்ரீக் எனும் இனத்தைப் பரப்பியதன்மூலம் பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்கு ஈடானதொரு சைடரை உருவாக்க முயன்றார். ஜோன் ஈவ்லின் 1664இல் வெளியிட்ட மரங்கள் பற்றிய தமது பெருநூலுடன் சைடர் பற்றிய பகுதியொன்றை இணைத்தமை இவ்வார்வத்துக்குச் சான்றாகும். பிரபுக்கள் அதனை ஒடுங்கிய கண்ணாடிக் கிண்ணங்களில் அருந்தினர். ஒருமுறை பிழிந்த சக்கையில் நீரூற்றி மீண்டும் பிழிந்தெடுத்த மெல்லிய பானம் வேலையாட்களுக்கும் சிறுவருக்கும் உரியதாயிற்று. ஒரே மரத்தின் விளைவு இரு வேறு கிண்ணங்களுக்குச் சென்றவாறு இது.

அறுவடை செப்ரெம்பரில் தொடங்கி டிசெம்பர் வரை நீடித்தது. ஆடவர் கொக்கி பொருத்திய நீண்ட தடிகளாற் கிளைகளை உலுப்புவர். பெண்களும் சிறுவரும் ஈரப்புல்லில் முழந்தாளிட்டு விழுந்த பழங்களைக் கூடைகளிற் பொறுக்குவர். நவெம்பர்க் குளிரிலே நாள் முழுவதும் நனைந்த புல்லில் நடைபெற்ற இவ்வேலை, ஓவியங்களில் வரும் அறுவடைக் காட்சியைப் போன்றதன்று. பொறுக்கிய பழங்கள் தோட்டத்திலேயே குவியல்களாக இடப்பட்டுச் சில வாரங்கள் கனியவிடப்பட்டன. பின்னர் அவை செக்கினை நினைவூட்டும் பொறியொன்றில் அரைக்கப்பட்டன. வட்டமான கற்றொட்டியினுள் நிறுத்தப்பட்ட கற்சில்லைக் குதிரை சுற்றி இழுக்க, பழம் தோலும் விதையும் உட்படக் கூழாகும். அக்கூழைக் குதிரைமயிர்த் துணியிலோ வைக்கோலிலோ பொதிந்து, அடுக்கின்மேல் அடுக்காக வைத்துத் திருகாணிப் பொறியாற் பிழிவர். வழிந்த சாறு பீப்பாக்களிலே தானாகப் புளித்து மதுவாகும். சக்கை பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் உணவாயிற்று.

இம்மதுவின் ஒரு பகுதி கூலியாகவே வழங்கப்பட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மேற்குப் பகுதிகளின் பண்ணையாள் ஒவ்வொருவனும் சிறு மரப் பீப்பாவொன்றை வயலுக்கு எடுத்துச் செல்வான். நாள்தோறும் சில பைந்து சைடர் அவனது கூலியின் பகுதியாகக் கணிக்கப்பட்டது. புல்வெட்டுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அளவு கூட்டப்பட்டது. பண்ணையாருக்கு இது மிக வாய்ப்பானதொரு முறை. பணத்தாற் கொடுக்க வேண்டியதைத் தம் தோட்டத்து விளைவாற் கொடுத்தார். நல்ல சைடருக்குப் பேர்பெற்ற பண்ணையை நாடி ஆட்களும் வந்தனர். பண்ணையாளின் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அக்கூலியால் அடுப்பெரியவில்லை. இம்முறையைக் கிராமிய ஒற்றுமையின் சின்னமாக வருணிப்போர் உளர். கூலியின் எப்பகுதி வீட்டை அடைந்தது, எப்பகுதி வயலிலேயே குடித்துத் தீர்க்கப்பட்டது என்று நோக்குவோருக்கு அவ்வருணனை பொருந்தாது.

இவ்விடத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரு பிரச்சினைகளை ஒப்பிட்டு நோக்கலாம். ஏழாண்டுப் போரினாற் கடன்பட்ட பிரித்தானிய அரசு, பியூற் பிரபுவின் தலைமையில், 1763இற் பெரும் பீப்பா ஒன்றுக்கு 4 சிலிங் வீதம் சைடர்மீது வரி விதித்தது. சொந்த நுகர்வுக்காகச் சைடர் வடிப்போரும் இதற்கு உட்பட்டனர். வரியைக் கணிக்க மதுவரி அதிகாரி வீட்டினுள் நுழையலாம் என்ற ஏற்பாடே பெருங் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆங்கிலேயனின் இல்லம் அவனது கோட்டை என்ற உரிமைக் குரல் பாராளுமன்றத்தில் ஒலித்தது. வில்லியம் பிற் வரியைக் கடுமையாக எதிர்த்தார். பியூற் சிறிது காலத்தில் பதவி துறந்தார். 1766இல் வரி நீக்கப்பட்டது. தோட்ட உடைமையாளர் மூன்றாண்டுகளில் வென்றனர்.

மற்றையது டெவன் மக்களைப் பீடித்த நோய். இலையுதிர் காலத்திற் புதிய சைடர் வடிக்கப்பட்டதும் அங்கே கடும் வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் பரவின, சிலர் மாண்டனர். சைடரின் புளிப்பே காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. டெவனிற் பிறந்த மருத்துவர் ஜோர்ஜ் பேக்கர் 1767இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். சைடர் மிகுதியாக வடிக்கப்படும் ஹெரிபோட்ஷயரில் இந்நோய் ஏன் இல்லை என்பதே அவரது வினா. ஹெரிபோட்ஷயரின் பொறிகளில் ஈயம் இல்லை. டெவனிலோ அரைக்கும் கற்களின் இணைப்புகளிலும் பிழிபொறிகளிலும் ஈயம் பயன்பட்டது. புளித்த சாறு ஈயத்தைக் கரைத்தது. டெவன் சைடரில் ஈயம் உண்டு என்பதை அவர் இரசாயனச் சோதனையாற் காட்டினார். தமது மாவட்டத்தின் விளைபொருளுக்கு இழுக்கு நேர்ந்ததென ஆலை உடைமையாளரும் மதகுருமாரும் அவரைச் சாடினர். எனினும் காலப்போக்கில் ஈயம் நீக்கப்பட, நோயும் அருகிற்று. வரிக்கெதிராகத் தெருவில் எழுந்த ஆரவாரத்தை ஈயத்துக்கெதிராகக் காண முடியவில்லை. நாள்தோறும் மிகுதியாக அருந்தியவன் பண்ணையாள். அவனது வயிற்றுக்காகக் குரலெழுப்பத் தனியொரு மருத்துவரே இருந்தார்.

கூலியாக மது வழங்கும் முறைக்குச் சட்டத்தின் தடை 1887இலேயே வந்தது. பண்டக்கூலி பற்றிய அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், பண்ணையாளுக்கு உணவும் குடிசையும் மதுவல்லாத பானமும் கூலியுடன் வழங்கப்படலாம் எனக் கூறி, மதுவை மட்டும் விலக்கியது. எனினும் 'கூலி' என்ற பெயரை விடுத்துக் 'கொடை' என்ற பெயரில் அவ்வழக்கம் பல பண்ணைகளில் நீடித்தது.

அறுவடையை ஒட்டிய வழக்கங்களையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். பறித்து முடிந்தபின் மரத்தில் எஞ்சும் சிறு பழங்களை ஊர்ச் சிறுவர் ஏறிப் பறித்துக் கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. வயலில் உதிர்கதிர் பொறுக்கும் ஏழையின் உரிமைக்கு இணையானது இது. ஒக்ரோபர் இறுதி இரவின் ஹலோவீன் விளையாட்டுக்களும் அப்பிளை மையமாகக் கொண்டன. அறுபடாத தோலை இடத்தோளின் மேலாக எறிந்து, அது விழும் வடிவிலே வருங்காலக் கணவனின் பெயரின் முதலெழுத்தைக் கன்னியர் தேடினர். அயர்லாந்தின் இத்தகைய இரவொன்றை டானியல் மக்கிளீஸ் 1833இல் ஓவியமாகத் தீட்டினார். இன்றைய தோல் சீவும் போட்டிக்கும் இவ்வழக்கத்துக்கும் உள்ள உறவு வெளிப்படை.

மாரியில் நிகழும் 'வசெயில்' சடங்கு இவற்றுட் பெரிதும் பேசப்படுவது. மரத்தின் வேரிற் சைடரை ஊற்றி, அதில் நனைத்த ரொட்டியைக் கிளையில் வைத்து, பாத்திரங்களைத் தட்டியும் துப்பாக்கி வெடித்தும் பாடி, அடுத்த ஆண்டு நன்கு காய்க்குமாறு மரத்தை வாழ்த்துவர். சொமர்செற்றின் கார்ஹம்ரன் என்ற ஊரில் இது ஜனவரி 17இல் நிகழ்கின்றது. 1752இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது பதினொரு நாட்கள் நீக்கப்பட்டன. பழைய கணக்கின் பன்னிரண்டாம் இரவை விட்டுக்கொடுக்க ஊரவர் உடன்படவில்லை. இச்சடங்கைக் கிறித்தவத்துக்கு முற்பட்ட வளவழிபாட்டின் எச்சம் எனப் பலர் கூறுவர். அதற்கு உறுதியான சான்றில்லை. கென்ற் மாவட்டத்தின் போர்ட்விச் என்ற ஊர் பற்றிய 1585ஆம் ஆண்டுக் குறிப்பே பழத்தோட்ட வசெயில் பற்றி அறியப்பட்ட மிகப் பழைய சான்று. அங்கே இளைஞர் தோட்டந்தோட்டமாகச் சென்று மரங்களை வாழ்த்தி வெகுமதி பெற்றனர். வேலை அருகிய நடுமாரியில், இரந்ததாகாமல் உடைமையாளரிடம் எதையேனும் பெறுவதற்கு ஊரார் கண்ட வழியாக இதனைக் கொள்வது, காணாத தொல்தெய்வங்களைத் தேடுவதிலும் பொருத்தமானது.

சமையலறைக்குரிய அப்பிளின் வரலாறு சற்று வேறானது. 1809இல் நொற்றிங்ஹம்ஷயரின் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்போட் என்னும் சிறுமி ஊன்றிய விதையொன்று மரமாயிற்று. 1846இல் அவ்வீட்டை வாங்கியவர் மத்தியூ பிராம்லி எனும் இறைச்சிக்கடைக்காரர். 1856இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் அதன் கிளைகளை ஒட்டி விற்க அனுமதி கேட்டபோது, பழத்துக்குத் தமது பெயர் இடப்படவேண்டும் என்பதே பிராம்லியின் நிபந்தனை. மிகுந்த புளிப்புடைய 'பிராம்லி' வேகும்போது பஞ்சுபோற் குழைந்தும் சுவையை இழப்பதில்லை. நடுவைக் குடைந்து உலர்ந்த முந்திரிகையும் சீனியும் அடைத்துச் சுடுவதற்கும், மாவுறையில் இட்டு வேகவைப்பதற்கும் இதனையே ஆங்கிலேயர் விரும்புகின்றனர். விதையூன்றிய மேரி ஆன் 1852இல் தமது மரத்தின் புகழை அறியாமலே காலமானார்.

நீராவிக் கப்பல்கள் வட அமெரிக்கப் பழங்களைக் கொண்டுவரத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தோட்டங்கள் நெருக்கடியை எதிர்நோக்கின. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பழைய தோட்டங்களை வேரோடு அகற்றுவதற்கு அரசே மானியம் வழங்கியது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் இணைய, பிரெஞ்சு அப்பிள்கள் கடைகளை நிறைத்தன. தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, ஒட்டுவாரற்ற உள்ளூரினங்கள் மறைந்தன.

இந்நிலையிலேயே சூ கிளிபோட், அஞ்செலா கிங் ஆகியோர் இயக்கிய 'கொமன் கிறவுண்ட்' அமைப்பு 1990 ஒக்ரோபர் 21இல் முதலாவது அப்பிள் தினத்தை இலண்டன் கொவென்ற் கார்டனில் நடத்தியது. இடத்தெரிவு கருத்துடையது. அங்கிருந்த பழச்சந்தை 1974இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகளின் பின் ஒரு நாளைக்கு அங்கே பழம் மீண்டது. ஒரு தசாப்தத்துள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்கள் இத்தினத்தைக் கொண்டாடின. இதனை வெறும் பழமை ஏக்கம் எனத் தள்ளிவிட முடியாது. ஊர்கள் பலவற்றிற் பொதுப் பழத்தோட்டங்கள் இதன் தூண்டுதலால் நடப்பட்டன. மரபுவழிப் பழத்தோட்டங்கள் 2007இற் பாதுகாப்புக்கு முன்னுரிமை பெறும் வாழிடங்களாக ஏற்கப்பட்டன. மரம் காக்கப்பட்டமை இவ்விழாவின் சாதனையே.

பறிப்போரைப் பற்றி இவ்வளவு கூற முடியாது. உண்ணும் அப்பிள் வளரும் பெருந்தோட்டங்களில் அறுவடை இன்றும் பெரும்பாலும் கைகளாலேயே நடைபெறுகின்றது. 2004இன் பின் அக்கைகள் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் முடிவின் பின், 2019இல் பிரித்தானிய அரசு பருவகாலத் தொழிலாளருக்கான விசாத் திட்டமொன்றைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. தொடக்கத்தில் உக்ரேனியரே இதன்கீழ் மிகுதியாக வந்தனர். 2022இல் அங்கே போர் மூண்டபின், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கஸக்ஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். அப்பிள் முதன்முதற் காய்த்த தியன் ஷான் மலைத்தொடரின் அயலவர் அவர்கள். விசா ஆறு மாதங்களுக்கே செல்லுபடியாகும். ஜனவரியிற் கார்ஹம்ரனில் மரத்தின் வேருக்குச் சைடர் ஊற்றப்படும்போது அவர்களுட் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருப்பர்.