காரீயம்

புதுச்சேரியின் காயலான் கடையில் பழைய பேட்டரித் தகடு தராசில் ஏறினால், அங்கே அதற்குப் பெயர் வெறும் ‘ஈயம்’. அகராதி கருமையைச் சேர்த்துக் ‘காரீயம்’ என்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வேறு சங்கதி: அது வெள்ளீயம். பெயரில் உறவு இருந்தாலும் காரீயம் நஞ்சு, அடுப்பங்கரைக்கு ஆகாது.

வடமொழி ‘சீசம்’ பிராகிருத வழியே வந்து, முதலில் இருந்த சகரத்தை உதிர்த்து ‘ஈயம்’ ஆனது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ‘சபா’ ‘அவை’யான கதைதான். லத்தீனில் இதே உலோகம் ‘ப்ளும்பும்’. குழாய் ரிப்பேருக்கு நாம் கூப்பிடும் பிளம்பரின் பெயர் அதிலிருந்து பிறந்தது.

ஒரு காலத்தில் இந்தப் பழைய இரும்புக்கடைச் சரக்கு கப்பலேறி வந்திருக்கிறது! இந்தியாவில் செம்பும் காரீயமும் இல்லை, முத்தும் மணியும் கொடுத்து வாங்குகிறார்கள் என்று எழுதினார் ரோமானியரான பிளினி. பழைய கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ தரும் முசிறித் துறைமுக இறக்குமதிப் பட்டியலிலும் காரீயம் உண்டு. அந்நூல் குறிப்பிடும் ‘பொதுகே’ துறைமுகம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்று கருதப்படுகிறது.

நாட்டுத் துப்பாக்கி ரவைக்குக் காரீயத்தையே உருக்கினார்கள். சுமார் 327 டிகிரி செல்சியஸ் போதும். தூய காரீயத்தில் நகம் பட்டாலே கோடு விழும். ஆண்டிமனி கலந்த வாகனச் சக்கர எடைக்கட்டியில் அவ்வளவு எளிதில் விழாது. பேட்டரித் தகட்டிலோ அமிலம் ஊறியிருக்கும். குண்டு வார்ப்பவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள்.

பென்சிலில் இருப்பதையும் காரீயம் என்கிறோம். அது கிராஃபைட்.