நுனி வெட்டும் அடி வெட்டும்

மீன்தொட்டியில் செடி மண்டிவிட்டால் கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுவது பலரின் வழக்கம். ரொட்டாலா அதைத் தாங்கும், செழிக்கவும் செய்யும். பக்கத்தில் நிற்கும் கிரிப்டோகோரைனுக்கு அதே வெட்டு கேடு. ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியா இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை ஈரநிலங்களில் வளர்வது. கிரிப்டோகோரைன் வெண்டியி இலங்கைக்கே உரியது. வளர்முனை எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ரொட்டாலாவுக்கு அது தண்டின் உச்சியில் இருக்கிறது. அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற வளரூக்கி கீழே இறங்கி, கணுக்களில் உள்ள பக்கமொட்டுகளை எழவிடாமல் அடக்குகிறது. நுனி போனால் அந்தத் தடை விலகும்; வெட்டுக்குக் கீழுள்ள கணுவிலிருந்து பெரும்பாலும் இரண்டு கிளைகள் கிளம்பும். ஆகவே கணுவுக்குச் சற்று மேலே, நாம் விரும்பும் உயரத்தைவிடத் தாழ்வாகவே வெட்ட வேண்டும். அப்போதுதான் புதுக் கிளைகளுக்கு எழ இடம் இருக்கும். வெட்ட வெட்டப் புதர் அடர்ந்து, அடியில் வெளிச்சம் படாமல் இலை உதிர்ந்து தண்டு மொட்டையாகும். அந்த நிலையில் பிடுங்கிவிட்டு, பசுமையான நுனிகளை மட்டும் திரும்ப நடுவதே நல்லது.

கிரிப்ட் என்று சுருக்கிச் சொல்லப்படும் கிரிப்டோகோரைனில் வெட்டுவதற்கு உயர்ந்த தண்டே கிடையாது. மண்ணோடு ஒட்டிய குறுகிய கிழங்குத் தண்டின் நடுவிலிருந்து புது இலை வரும். வெளிவட்டத்தில் இருப்பவை முதிர்ந்தவை. இலையைப் பாதியில் வெட்டினால் அது மறுபடி வளராது, மிச்சம் பழுத்து அழுகும். வெளி இலையின் காம்பை விரலால் தடவிக்கொண்டே அடிவரை போய் அங்கே நறுக்க வேண்டும். சரளைக்கு அடியில் ஓடும் கொடிகள் கன்று வைத்து இடத்தை அடைத்திருந்தால், முதலில் கொடியைத் துண்டித்துவிட்டுப் பிறகு கன்றை மெல்ல எடுக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் தாய்ச்செடியின் வேர் அசையும். சில நாட்களில் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரைந்துவிடலாம். செத்துவிட்டதென்று அதைத் தூக்கி எறியாதீர்கள். கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் புது இலை விடும்.

வெளிச்சமும் கார்பன் டைஆக்சைடும் தாராளமாகக் கிடைத்தால் ரொட்டாலாவுக்கு ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி தேவைப்படும். கிரிப்டுக்குப் பழுத்த இலையை எடுப்பதோடு சரி. அதற்குமேல் கைவைக்காமல் விடுவதே அதற்குச் செய்யும் உபகாரம் என்பேன். தண்ணீரிலும் இந்த வேறுபாடு தெரியும். வேகமாக வளரும் ரொட்டாலா நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் நிறைய உறிஞ்சுகிறது. மொத்தப் புதரையும் ஒரே நாளில் மழித்தால் அந்தச் சத்து மிஞ்சிப் பாசி பிடிக்கும். பாதியை இந்த வாரமும் மீதியை அடுத்த வாரமும் வெட்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது நல்லது.

வெட்டியதை எங்கே போடுவது என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே விதி. ஃபுளோரிடாவில் ரொட்டாலா கால்வாய்களில் களையாகப் பரவியது. டெக்சஸின் சான் மார்கோஸ் ஆற்றில், அங்கு மட்டுமே வளரும் ஒரு காட்டரிசிக்கு இலங்கைக் கிரிப்ட் வகையான பெக்கெட்டியால் ஆபத்து வந்து, அந்தக் கிரிப்டை அகற்ற நேர்ந்தது. துண்டுகளைக் குளத்திலோ சாக்கடையிலோ போடாமல், நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள்.