மரக்குதிரையும் முயல்களும்: பாடி ஷாப் கைமாறிய வரலாறு

ஒரு பொருளை வாங்குவோர் அப்பொருளின் உள்ளிருப்புக்கு மட்டும் பொறுப்பாவாரா? அல்லது அவர் கொடுத்த காசு சென்று சேரும் இடத்திற்கும் பொறுப்பாவாரா? அறநூல்களுக்கு இவ்வினா புதியதன்று. உண்போர் இல்லையெனில் ஊன் விற்போரும் இருக்கமாட்டார் என்னும் கருத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் காண்கிறோம். கொன்றவனோடு வாங்கியவனையும் வினைக்குள் இழுத்துவரும் வாதம் அது. விற்போரும் வாங்குவோரும் நேருக்கு நேர் நிற்கும் அங்காடியில் இவ்வாதம் தெளிவாக நிற்கிறது. விற்போருக்குப் பின்னால் ஓர் உடைமையாளரும், அவருக்குப் பின்னால் ஒரு பங்குதாரரும், அந்தப் பங்குதாரர் வேறொரு பெருநிறுவனமுமாக இருக்கும் இக்காலத்து அங்காடியில் அது எவ்வளவு தூரம் செல்லும்?

இவ்வினாவை வெறும் கருத்தளவில் ஆராய்வதைவிட ஒரு வரலாற்றின் வழியே ஆராய்வது பயன்தரும் எனக் கருதுகிறோம். பிரிட்டனில் பிறந்த 'பாடி ஷாப்' என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனம் 2006ஆம் ஆண்டு பிரான்சின் லோரியல் நிறுவனத்திற்கு விற்கப்பட்ட வரலாறு அது. விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும் உண்ணாமலும் உடுத்தாமலும் பூசாமலும் வாழ முயல்வோரை 'வீகன்' என்பர். தமிழில் 'நனிசைவர்' என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது. அவர்களுள் பலருக்கு இவ்விற்பனை ஓர் அறச்சிக்கலாக அமைந்தது.

1944ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள்

இவ்வரலாற்றின் வேர் 1944ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் நண்பர்களும் 'வீகன் சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பாலையும் முட்டையையும் ஏற்றுக்கொண்ட சைவ உணவாளர்களிடமிருந்து பிரிந்து நின்ற சிறு குழு அது. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்னும் அறிஞர் தம் உடன்பணியாளர்களோடு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். முயலின் ஒரு கண்ணில் சோதனைப் பொருளை இட்டு, மற்றக் கண்ணோடு ஒப்பிட்டு, நாள்கணக்கில் கவனித்து, விளைந்த சேதத்திற்கு மதிப்பெண் வழங்கும் முறையை அக்கட்டுரை வகுத்தது. 'டிரெய்ஸ் சோதனை' எனப் பெயர்பெற்ற அம்முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழங்கிற்று.

இச்சோதனைக்கு எதிரான குரல் பொதுமக்களிடம் பெரிதாக எழுந்தது 1980ஆம் ஆண்டில்தான். ஹென்றி ஸ்பிரா என்னும் செயல்வீரர் அவ்வாண்டு ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, ரெவ்லான் நிறுவனத்தை நோக்கி வினா எழுப்பினார். அழுத்தம் தாங்காத ரெவ்லான், மாற்றுமுறைகளைக் கண்டறியும் ஆய்வுக்கென ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திற்கு 7,50,000 டாலர் அளித்தது. வாங்குவோரின் சினம் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டும் என்பதற்கு இது முதற்பெருஞ்சான்று எனலாம்.

பிரைட்டன் நகரத்துச் சிறுகடை

1976ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அனிதா ரோடிக் என்னும் பெண்மணி ஒரு சிறுகடை திறந்தார். கடன் 4,000 பவுண்டு. விற்பனைக்கு வைத்த பொருள்கள் சுமார் 25. வாங்கிய புட்டிகளைத் திரும்பக் கொணர்ந்து நிரப்பிச் செல்லலாம் என்னும் வழக்கம், போதிய புட்டிகள் வாங்கப் பணம் இல்லாமையால் தோன்றியது. பின்னாளில் அதுவே சூழலறமாகப் போற்றப்பட்டது. 1984இல் நிறுவனத்தின் பங்குகள் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தன.

விலங்குச் சோதனைக்கு எதிரான இயக்கத்தில் இந்நிறுவனத்தின் பங்கு மறுக்கவியலாதது. 1996ஆம் ஆண்டு 40 இலட்சம் கையொப்பங்கள் கொண்ட விண்ணப்பம் ஐரோப்பிய ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. 1998இல் பிரிட்டனில் ஒப்பனைப் பொருள்களுக்கான விலங்குச் சோதனை முடிவுக்கு வந்தது.

ஆயினும் விற்பனைக்கு முந்தைய பாடி ஷாப்பை மாசற்ற பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1994ஆம் ஆண்டிலேயே ஜான் என்டைன் என்னும் இதழாளர் இந்நிறுவனத்தின் அறப்பெருமைகளை வினவிக் கடுமையான கட்டுரை எழுதியிருந்தார். நனிசைவர் நோக்கில் மற்றொன்றும் கருதற்குரியது. சோதனை செய்யாமை வேறு. விலங்குப் பொருள் கலவாமை வேறு. முயலைத் துன்புறுத்தாத அக்கடையின் சில பொருள்களில் தேனும் தேன்மெழுகும், ஆட்டு மயிரிலிருந்து எடுக்கும் லனோலின் என்னும் கொழுப்பும் இருந்தன. ஆகவே நனிசைவர் அன்றும் சிட்டையைப் படித்தே வாங்க வேண்டியிருந்தது.

கைமாற்றமும் கண்டனமும்

2006 மார்ச்சில் லோரியல் நிறுவனம் பாடி ஷாப்பை 652 மில்லியன் பவுண்டுக்கு வாங்கும் செய்தி வெளியானது. கண்டனம் உடனே எழுந்தது. லோரியல் 1989இலேயே தன் முழுமைபெற்ற பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை நிறுத்திவிட்டதாகக் கூறியது; ஆனால் பொருள்களில் சேரும் மூலக்கூறுகளைப் பற்றிய வினா எஞ்சி நின்றது. மேலும் லோரியலின் பங்குகளுள் ஏறத்தாழ 26 விழுக்காடு அப்போது நெஸ்லே நிறுவனத்திடம் இருந்தது. குழந்தைப் பால்மாவு விற்பனை முறைக்காக 1977 முதல் புறக்கணிப்புக்கு உள்ளாகி வந்த நிறுவனம் அது. பிரைட்டன் கடையில் ஒரு புட்டி வாங்கியவரின் காசு எத்தனை கை கடந்து எங்குச் சென்றது என்பதை எண்ணிப் பார்த்தோர் திகைத்தனர். எத்திகல் கன்ஸ்யூமர் என்னும் பிரிட்டானிய இதழ் பாடி ஷாப்புக்குத் தான் அளித்திருந்த அறமதிப்பெண்ணைப் பெரிதும் குறைத்தது. புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்த அமைப்புகளும் உண்டு.

ரோடிக் அம்மையார் இதற்கு அளித்த விடை, பழைய கிரேக்கக் கதையொன்றை அடியொற்றியது. திராய் நகரக் கோட்டைக்குள் மரக்குதிரையின் வயிற்றில் வீரர் புகுந்ததுபோல, பாடி ஷாப்பின் கொள்கைகள் பெருநிறுவனத்தின் உள்ளே புகுந்து அதனை மாற்றும் என்பது அவர் வாதம். அம்மாற்றத்தைக் காண அவர் நெடுநாள் வாழவில்லை. 2007 செப்டம்பர் 10ஆம் நாள் மறைந்தார்.

மரக்குதிரை வாதத்தின் மதிப்பீடு

நனிசைவரிடையே அன்று முதல் இரு கட்சிகள் உள்ளன. வாங்கலாம் என்போர் கூறுவது: பெருநிறுவனத்திற்குச் சந்தை ஒன்றே செவி, கொடுமையற்ற பொருள் விற்பதையும் மற்றது தேங்குவதையும் கணக்கேட்டில் கண்டால் அது தானே திரும்பும். வாங்கலாகாது என்போர் கூறுவது: இலாபம் அனைத்தும் ஒரே பெட்டியில் விழுகிறது, நல்ல பெயர் கெட்ட பெயருக்குத் திரையாகிறது. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

வரலாறு என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டு இயற்றிய நெறிமுறையின்படி, முழுமைபெற்ற ஒப்பனைப் பொருள்களின் விலங்குச் சோதனை 2004இலும், மூலக்கூறுகளின் சோதனை 2009இலும் தடைசெய்யப்பட்டன. 2013 மார்ச் 11 முதல், உலகில் எங்குச் சோதிக்கப்பட்டதாயினும், அத்தகைய பொருளை அங்கு விற்பதே தடையாயிற்று. இச்சட்டத்தை நீக்கவேண்டி பிரான்சு அரசு ஐரோப்பிய நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கு 2005இல் தள்ளப்பட்டது. நாள்களைக் கவனியுங்கள். சட்டம் 2003, வழக்கின் முடிவு 2005, பாடி ஷாப் விற்பனை 2006. குதிரை கோட்டைக்குள் நுழையும் முன்பே வாயிலைச் சட்டம் திறந்துவிட்டது. சோதனைக்கு மாற்றாக ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் 'எபிஸ்கின்' என்னும் செயற்கைத் தோலை லோரியல் கைக்கொண்டதும் 1997இல். 2007இல் ஐரோப்பிய மாற்றுமுறை மதிப்பீட்டு மையம் அதனை ஏற்றது. மரக்குதிரைக்கு இவ்வெற்றியில் பெரும்பங்கு தருவது கடினம். பங்கு உண்டென்றால் அது விற்பனைக்குப் பிந்தைய பாடி ஷாப்புக்கு அன்று. 40 இலட்சம் கையொப்பம் திரட்டிய பழைய பாடி ஷாப்புக்கும் கையொப்பமிட்டோருக்கும் உரியது.

சீனத்தின் கதையும் இதனையே உணர்த்துகிறது. இறக்குமதியாகும் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளிடம் சோதிக்க வேண்டும் என்பது அந்நாட்டின் விதியாக இருந்தது. அர்பன் டிகே என்னும் நிறுவனம் 2012இல் சீனச் சந்தையில் நுழையப்போவதாக அறிவித்தது. வாங்குவோர் கொதித்தெழுந்ததும் சில வாரங்களில் பின்வாங்கியது. அதே ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தையும் லோரியல் வாங்கிற்று. சீனம் தன் விதியை 2014இலும் 2021இலும் படிப்படியாகத் தளர்த்தியது. இந்தியாவும் 2014இல் ஒப்பனைப் பொருள்களுக்கான விலங்குச் சோதனையையும், அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடைசெய்தது. வாங்குவோரின் சினம் ஒரு நிறுவனத்தைத் தடுத்து நிறுத்தும். சட்டமோ எல்லா நிறுவனங்களையும் ஒருசேரக் கட்டும்.

மூன்றாம் கையும் நான்காம் கையும்

குதிரை கோட்டைக்குள் பதினோராண்டு மட்டுமே நின்றது. 2017இல் லோரியல் பாடி ஷாப்பை பிரேசிலின் நட்டுரா நிறுவனத்திற்கு 100 கோடி யூரோ மதிப்பில் விற்றது. 2023 இறுதியில் நட்டுரா அதனை அவுரேலியஸ் என்னும் முதலீட்டு நிறுவனத்திற்கு 207 மில்லியன் பவுண்டுக்குக் கைமாற்றியது. 2024 தொடக்கத்தில் தன் பொருள்கள் அனைத்தின் சேர்மானமும் வீகன் சங்கத்தின் சான்று பெற்றுவிட்டதாகப் பாடி ஷாப் அறிவித்தது. அடுத்த பிப்ரவரியிலேயே அதன் பிரிட்டானியப் பிரிவு நொடித்து நிர்வாகிகளின் பொறுப்பில் விழுந்தது, பல கடைகள் மூடப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் வேறொரு முதலீட்டுக் குழுமம் எஞ்சியதை வாங்கியது.

இந்நிகழ்வுகளின் வரிசை நம் சிந்தனைக்குரியது. அறத்தின் உறைவிடமாகப் போற்றப்பட்ட நிறுவனர் காலத்தில் புட்டிக்குள் தேன்மெழுகு இருந்தது. முதலீட்டாளர் கைகளில் பந்தாடப்பட்ட காலத்தில் புட்டி முழுமையும் தூய்மையாயிற்று. ஒருகாலத்தில் பாடி ஷாப்புக்குப் பொருள் செய்து கொடுத்தவர்களே பின்னர் தொடங்கிய லஷ் நிறுவனத்தையும் இங்கு ஒப்புநோக்கலாம். எந்தப் பெருநிறுவனத்திற்கும் விலைபோகாத அது, விலங்குச் சோதனையை உறுதியாக எதிர்த்தபோதும், நெடுங்காலமாகச் சில பொருள்களில் தேனைச் சேர்த்துவந்தது. ஆக, உடைமையின் தூய்மையும் பொருளின் தூய்மையும் ஒரே இடத்தில் உறைவதில்லை. உரிமையாளரை மட்டும் பார்ப்பவர் தேனை வாங்குவார். சிட்டையை மட்டும் பார்ப்பவர் உரிமையாளரை வளர்ப்பார்.

நாம் கருதுவது

வீகன் சங்கம் தன் விளக்கத்தில், இயன்றவரையிலும் நடைமுறைக்கு ஒத்தவரையிலும் விலங்குச் சுரண்டலை விலக்குதல் என்று வரையறை செய்கிறது. தன்னைக் கடுமையாக வைத்துக்கொண்ட ஓர் இயக்கம் இவ்விரு அடைகளைச் சேர்த்தது தற்செயலன்று. பெருங்கடையில் பருப்பு வாங்கும் நனிசைவரின் காசும் இறைச்சிப் பகுதியின் விளக்கை எரியச் செய்கிறது. உடைமைத் தொடரின் கடைசிக் கண்ணிவரை தூய்மை வேண்டுவோர் இக்காலத்தில் எதனையும் வாங்கவியலாது. ஆதலின், பெருநிறுவனத்தின் உடைமை என்னும் ஒரே காரணத்தால் ஒரு நற்பொருளைத் தீண்டலாகாது என்பது நமக்கு உடன்பாடன்று.

ஆனால் வாங்குவதே அறச்செயல் என்னும் நிறைவும் நமக்கு உடன்பாடன்று. மரக்குதிரை வாதத்தின் குறை இதுதான்: வாங்கியதும் கடமை முடிந்தது என்று அது நம்மை உறங்கவைக்கிறது. முயல் முத்திரைகளும் வீகன் முத்திரைகளும் குறிப்பிட்ட பொருளுக்கோ வணிகப்பெயருக்கோ சான்று கூறுவன. தாய் நிறுவனத்திற்கு அல்ல. இதனை அறிந்து வாங்குவோர் ஏமாறார். அருகிலேயே தனித்து நிற்கும் சிறு நிறுவனத்தின் பொருள் கிட்டுமாயின் அதற்கு முதலிடம் தருவதும், கிட்டாதவிடத்து மற்றதை வாங்கித் தாய் நிறுவனத்தை இடைவிடாது வினவுவதும் நாம் பரிந்துரைக்கும் நெறி. சினந்து புறக்கணிப்போரையும் பழிக்கலாகாது. அவர்தம் சினமே 1980இல் ரெவ்லானை அசைத்தது, 2012இல் ஒரு நிறுவனத்தைத் திருப்பியது.

எல்லாவற்றிற்கும் மேலாகக் காக்கப்பட வேண்டியது சட்டம். 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, ஒப்பனைப் பொருளில் மட்டும் பயன்படும் மூலக்கூறுகளையும் வேதிப்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விலங்குகளிடம் சோதிக்கக் கோரலாம் என உரைத்தது. அடைத்த கதவு வேறொரு சட்டத்தின் வழியே திறக்கிறது. எந்தக் கடையில் எந்தப் புட்டியை வாங்கினோம் என்னும் விவாதத்தில் நாம் மூழ்கியிருக்க, முயல்களின் விதி அங்கே எழுதப்படுகிறது. 40 இலட்சம் பேர் ஒருமுறை கையொப்பமிட்டனர். அத்தகைய கைகளே மீண்டும் வேண்டும்.