இசை ஓடை

இசை ஓடை (ஸ்ட்ரீமிங்) எனப்படுவது, வழங்கியில் உள்ள ஒலிக்கோப்பை இணையம் வழியே சிறு துண்டுகளாகப் பெற்று உடனுக்குடன் கேட்கும் முறையாகும். குறுந்தகடு வாங்கியவரும், தனிப்பாடலை விலைகொடுத்துத் தரவிறக்கியவரும் பாடலின் படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வர். இசை ஓடையில் கிடைப்பது கேட்பதற்கான அனுமதி மட்டுமே.

முன்வரலாறு

தமிழ்த் திரையிசை 1980களிலும் 1990களிலும் பெரும்பாலும் ஒலிநாடாக்களாகவே விற்பனையானது. 1982 இல் வெளிவந்த குறுந்தகடு, விலை மிகுதியால் இங்கு மெதுவாகவே பரவியது. இரண்டிலும் ஒரு பாடலுக்காகப் படத்தின் எல்லாப் பாடல்களையும் வாங்க வேண்டும். எனவே பலர் தாம் விரும்பும் பாடல்களை ஒரு தாளில் எழதிக்கொடுத்து, ஒலிப்பதிவுக் கடைகளில் 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து வாங்கினர். உரிமம் பெறாமலே பெரிதும் நடந்த இவ்வழக்கத்தைத் தனிப்பாடல் விற்பனையின் முன்னோடி எனலாம்.

தனிப்பாடல் விற்பனை

ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்சு கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு அது 2012 டிசம்பரில்தான் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பிளிப்கார்ட் தொடங்கிய 'பிளைட்' என்னும் இசைக்கடை 2013 சூனில் மூடப்பட்டது. சில ரூபாய்களை இணையத்தில் செலுத்துவது அன்று எளிதாக இல்லை; உரிமமற்ற இலவசக் கோப்புகளும் எங்கும் கிடைத்தன. எனினும் பிளைட் விற்ற எம்பி3 கோப்புகளுக்குப் பூட்டு இல்லாததால், கடை மூடிய பின்னரும் வாங்கியவர் அவற்றைக் கேட்க முடிந்தது.

பரவல்

சாவன், கானா, விங்க் முதலிய இந்தியச் சேவைகள் விளம்பரங்களுடன் இலவசமாகப் பாடல்களை வழங்கின. 2016 இல் ஜியோ வந்தபின் அலைபேசி இணையக் கட்டணம் சரிந்தது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியது.

உடைமையும் அனுமதியும்

இசை ஓடைச் செயலிகளில் உள்ள 'தரவிறக்கம்' என்னும் பொத்தான் பலரைக் குழப்புகிறது. அவ்வாறு சேமித்த பாடல் அச்செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும். வேறு கருவிக்கு மாற்ற இயலாது. சந்தா முடிந்தாலோ, உரிமையாளர் பாடலை விலக்கிக்கொண்டாலோ அது மறையும்.

இதனை ஒட்டிய வழக்கொன்று டிப்சு இசை நிறுவனத்துக்கும் விங்க் சேவைக்கும் இடையே நடந்தது. ஒலிபரப்பாளர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு அளிக்கும் சட்டமுறை உரிமம் தமக்கும் பொருந்தும் என விங்க் வாதிட்டது. இணையவழித் தரவிறக்கத்துக்கும் இசை ஓடைக்கும் அப்பிரிவு பொருந்தாது என 2019 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது; 2022 இல் மேல்முறையீட்டு அமர்வும் இதனை உறுதிசெய்தது. ஆகவே இசை ஓடையில் ஒரு பாடல் நீடிப்பது உரிமையாளருடன் சேவை செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

விங்க் மூடப்படுவதாக 2024 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. பிளைட்டில் வாங்கியவருக்கு எஞ்சியது போன்ற கோப்பு எதுவும் விங்கின் இசை ஓடையை மட்டும் பயன்படுத்தியவருக்கு எஞ்சவில்லை.